சேர் சிரித்தால் சீனித்தண்ணி

சாவு வீட்டுக்குப் போனாலும் சேர் தன்னுடைய இரத்தச் சீனி அளவைச் சொல்லாமல் திரும்ப மாட்டார். செத்தவரின் காலடியில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வெளியே வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தொடங்குவார். "இவருக்குக் கடைசியாப் பார்க்கேக்க இருநூற்றி முப்பதாம். நான் சொன்னனான், கேக்கேல்லை. எனக்கு இண்டைக்குக் காலமை எழுபத்தெட்டு." கண்டி வீதியில் லொறி அடித்துச் செத்தவரின் வீட்டிலும் இதையேதான் சொன்னார். லொறிக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. உட்துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை. நான் கலியாணம் செய்து அங்கே வந்த நாளிலேயே எல்லாரும் அவரைச் சேர் என்றுதான் சொன்னார்கள். அவருடைய மனைவியை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். என்னுடைய தையல் மெஷின் யன்னலோரம் இருந்தது. யன்னலுக்கு நேரே, தாழ்ந்த வேலிக்கு அந்தப் பக்கம், சேரின் விறாந்தை. அதனால் அவருடைய வாழ்க்கையில் பாதியை நான் சட்டைக்குக் கை வைத்தபடியே பார்த்து முடித்தேன்.

துறைமுகத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், கப்பல்களை எல்லாம் தான்தான் உள்ளே விட்டதுபோலக் கதைப்பார். உண்மையில் லொறிகளை விட்டவர். வாசலில் பாஸ் பார்த்து, எது உள்ளே போகலாம், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகு நிறுத்துவதற்கு லொறி இல்லை. அந்தக் குறையைச் சீனி வருத்தம் வந்து தீர்த்து வைத்தது. தன்னுடைய வாய்க்குள் எது போகலாம் என்று பார்க்கத் தொடங்கியவர், கொஞ்ச நாளில் மற்றவர்களின் வாய்களுக்கும் காவல் நின்றார்.

தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே சேர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவர், பாயாசக் கோப்பையைக் கையில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம், சேர் அந்தக் கோப்பையை மெதுவாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"உங்கட வயசுக்கு இது நஞ்சு," என்றார்.

"எனக்குச் சீனி வருத்தம் இல்லையே தம்பி."

"இனி வரும்," என்றார் சேர்.

கிழவர் கை கழுவப் போகும் வரைக்கும் அந்தக் கோப்பை திரும்பிப் போகவில்லை.

கனடாவில் இருக்கும் மகள் சீனி பார்க்கிற மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதை ஒரு அறைக்குள் வைத்துப் பார்க்கலாம். சேர் விறாந்தையில், ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்துதான் விரலில் குத்துவார். பள்ளிக்கூடச் சோதனையில் கூடப் புள்ளி எடுத்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. சேருடைய சோதனையில் குறைய எடுத்தவர்தான் கெட்டிக்காரர். எண்பதுக்குக் கீழே வந்தால் போகிற வருகிறவர்களுக்குச் செய்தி கிடைக்கும். நூற்றைத் தாண்டினால் அன்ரிக்கு ஏச்சு கிடைக்கும். இரவு வைத்த இடியப்பத்தில் ஒன்று கூடிவிட்டது, சொதியில் பால் கூடிவிட்டது, ஏதோ ஒன்று. அடுத்த நாள் இலக்கத்தை இறக்குவதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பார். ஆனால் டொக்டர் தந்த குளிசையை மட்டும் குறைக்க மாட்டார். குளிசை போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய இன்னொரு பெருமை.

இந்தச் சோதனையில் அவரிடம் எப்போதும் தோற்றுக்கொண்டிருந்தவர் கிண்ணியாவில் இருந்து வருகிற ஹாஜியார். ஒரு காலத்தில் துறைமுகத்துக்கு லொறி ஓட்டுவித்தவர். அவருக்கும் சீனி வருத்தம். கிழமைக்கு ஒருமுறை பாலத்தைத் தாண்டிப் பட்டணத்துக்கு வரும்போது ஒரு சட்டித் தயிரோடு சேரைப் பார்க்க வருவார். தயிர் அன்ரிக்கு. சேர் தொட மாட்டார்.

"ஹாஜியார், இந்த முறை எவ்வளவு?"

"நூற்றி நாப்பத்தஞ்சு சேர். டொக்டர் நல்லம் எண்டாரு."

"நல்லமாம்!" என்று சேர் சிரிக்காமல் என் யன்னலைப் பார்ப்பார், சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டதுபோல. "உங்கட டொக்டர் உங்களைக் கைவிட்டிட்டார். எனக்கு எழுபத்தொண்டு."

ஹாஜியார் கோபிப்பதில்லை. அவருக்குச் சேர் மேல் ஒரே ஒரு பழைய கோபம்தான் இருந்தது. சேர் வேலையில் இருந்த காலத்தில், பாஸில் ஏதோ ஒரு எழுத்துப் பிழை என்று ஹாஜியாரின் வெங்காய லொறியை வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிறுத்தி வைத்தார். வெங்காயம் அவிந்து நாறிப்போனது. "ஒரு எழுத்துக்கு ஒரு லொறி வெங்காயம்," என்று ஹாஜியார் எப்போதாவது பகிடியாகச் சொல்லுவார். "சட்டம் சட்டம்தான்," என்று சேர் பகிடியில்லாமல் பதில் சொல்லுவார். அதோடு அந்தக் கதை முடியும்.

ஒரு நாள் முற்பகல் நான் தைத்து முடித்த யன்னல் சீலையைக் கொடுக்க அங்கே போனேன். ஹாஜியார் வந்திருந்தார். அடுத்த நாள் சேருக்குக் கிளினிக். அங்கே இலக்கம் குறைய வர வேண்டும் என்று காலையில் வழக்கமான குளிசைகளைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். போனவுடன் ஏச்சு விழுந்தது. சீலையின் விளிம்பு கோணல், எங்கள் வீட்டு முருங்கை அவர் பக்கம் சாய்கிறது, ஒழுங்கைக்குள் வந்து குப்பை கிளறுகிற மான்களுக்கு நான்தான் பழத்தோல் போட்டுப் பழக்கிவிட்டேனாம். வழமையை விடக் கொஞ்சம் கூட. நெற்றி வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். சீலையைக் காட்ட விரித்த கையை மடிக்கவும் முடியாமல் நின்றேன்.

ஏசிக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த ஒழுங்கையில் நான் இருந்த அத்தனை வருசத்திலும் அந்தப் பல்லை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பிள்ளை, நீர் வடிவாத் தைக்கிறனீர்," என்றார். பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பி அவருடைய கையைப் பிடித்தார். "ஹாஜியார், அந்த வெங்காயம் என்னாலதான் அழுகினது. ஒரு எழுத்துத்தானே. விட்டிருக்கலாம். ஏன் விடேல்லை எண்டு எனக்கே தெரியாது. என்னை மன்னியுங்கோ." கண்ணில் தண்ணி வந்தது.

ஹாஜியாருக்கும் வந்தது. "சேர், விடுங்க சேர். அது எப்பவோ போன வெங்காயம். நான் மாப்புச் செஞ்சிட்டன், அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிட்டன்," என்று மற்றக் கையால் கண்ணைத் துடைத்தார். வெறும் விளிம்புக்கு ஏச்சு வாங்கப் போன நான், இரண்டு வயதான ஆம்பிளைகள் கை பிடித்து அழுவதைப் பார்த்தபடி நின்றேன். இப்படியும் ஒரு மனிதர் உள்ளுக்குள் இருந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு அன்ரி குசினியிலிருந்து வந்தா. சேர் அவவைப் பார்த்தார்.

"இரும்," என்றார். "எந்த நேரமும் நிக்கிறீர். கால் நோகேல்லையா?"

அன்ரி இருக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றா. "இவருக்கு என்னவோ செய்யுது," என்றா மெதுவாக.

அப்போதுதான் நான் அவர் போட்டிருந்த சேட்டைப் பார்த்தேன். முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. அடுத்ததாக என்னவோ சொன்னார், அது சொல்லாக வரவில்லை. கதிரையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தார். ஹாஜியார் தாங்கிப் பிடித்து நிலத்தில் கிடத்தினார். அன்ரி ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வாயில் ஊற்றப் போனா.

"ஊத்த வேணாம்!" ஹாஜியார் கத்தினார். "மயங்கின ஆளுக்கு வாயில ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிரும். புள்ள, ஓட்டோ ஒண்டு கூப்பிடுங்க. இது சீனி இறங்கினது. எங்கட உம்மாக்கும் இப்பிடித்தான் வந்த."

நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி ஏற்றி, குளுக்கோஸ் போட்டு, ஆள் கண் விழிக்க மத்தியானம் ஆனது. கட்டிலுக்கு வந்தது ஒரு இளம் பெண் டொக்டர்.

"ஐயா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை. நாளைக்குக் கிளினிக்."

"குளிசை?"

"அது ஒரு நாளும் தவற விடமாட்டன்." குரல் திரும்பியிருந்தது. "எனக்குச் சீனி எவ்வளவு இருந்தது?"

"முப்பத்தி நாலு."

சேர் தலையணையில் கிடந்தபடியே தலையை மெதுவாக ஹாஜியார் பக்கம் திருப்பினார். "கேட்டீங்களா?" என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, இது மார்க்ஸ் இல்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும். எழும்பாமலே விட்டிருப்பீங்கள். வயசு போனவைக்குச் சீனி கொஞ்சம் கூட நிக்கலாம், இப்பிடிக் குறையக் கூடாது. நீங்கள் எழுபதுக்கு இறங்கினாலே எனக்குப் பயம். நூற்றி முப்பது, நாப்பதில நிண்டால் சந்தோசப்படுவன்."

"நூற்றி நாப்பதா?" என்றார் சேர். சாரம் உடுத்துக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னதுபோல அவவைப் பார்த்தார்.

டொக்டர் குளிசையைப் பாதியாக்கினா. சாப்பாடு இல்லை என்றால் அந்தக் குளிசையும் இல்லை என்றா. பிறகு அன்ரியைத் தனியாகக் கூப்பிட்டு, நானும் பக்கத்தில் நின்றபோது சொல்லிக்கொடுத்தா. "வேர்க்கும், கை நடுங்கும். சில வேளை அதுகூட இல்லாமல் குணம் மட்டும் மாறும். உடன சீனி பாருங்கோ. பார்க்க வசதியில்லாட்டி யோசிக்காமல் சீனித்தண்ணி குடுங்கோ, அறிவு இருக்கேக்க மட்டும். தெளிஞ்சாப் பிறகு சாப்பாடு குடுங்கோ."

"எப்பிடிக் குணம் மாறும்?" என்று அன்ரி கேட்டா.

"காரணமில்லாமல் ஏசுவினம். எரிஞ்சு விழுவினம்."

அன்ரி என்னைப் பார்த்தா. நான் அன்ரியைப் பார்த்தேன்.

"அது மாறுறது இல்லை டொக்டர்," என்றா அன்ரி. "அது எப்பவும் உள்ளது."

"அப்ப இண்டைக்கு எப்பிடி மாறினவர்?"

அன்ரிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நல்ல மாதிரிக் கதைச்சவர்," என்றா.

டொக்டர் கையிலிருந்த தாளில் அதையும் எழுதினா. "அப்ப அதைக் கவனியுங்கோ," என்றா.

அடுத்த கிழமை ஹாஜியார் இரண்டு சட்டித் தயிரோடு வந்தார். விறாந்தையில் ஏறும்போதே முகம் மலர்ந்திருந்தது. இனி அந்த வெங்காயக் கதை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்ன வெங்காயம்?" என்றார் சேர்.

"நீங்க மாப்புக் கேட்டீங்களே, சேர்."

"நானா? எதுக்கு? பாஸ் பிழை. சட்டம் சட்டம்தான்."

நான் தையல் மெஷினை நிறுத்தினேன். ஹாஜியார் கையில் தயிர்ச் சட்டியை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அப்ப என்ட கையப் புடிச்சிக் கேட்டது ஆரு சேர்? நீங்களா, அந்தக் குளிசையா?"

சேர் ஒழுங்கையைப் பார்த்தார்.

"ஆரு கேட்டாலும் சரி," என்றார் ஹாஜியார். "நான் குடுத்துட்டன். குடுத்த மாப்பத் திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல." சட்டி இரண்டையும் அன்ரியிடம் கொடுத்துவிட்டு, இருக்காமலே போனார். அதற்குப் பிறகு மூன்று நான்கு கிழமை வரவில்லை. பிறகு வந்தார். தயிரும் வந்தது. வெங்காயத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

சேர் குளிசையைப் பாதியாக்கவும் இல்லை. அன்ரிக்குத் தெரியாமல் முழுசையே போட்டார். ஒரு சின்னப் பெட்டை, அவருடைய மகளின் வயதுகூட இல்லாதவள், தன்னை நூற்றி நாற்பதுக்கு ஏற்றிவிடப் பார்க்கிறாள் என்பது அவருடைய கணக்கு. அதனால் அந்தக் காலத்தில் அவருக்கு அடிக்கடி சீனி இறங்கியது. இறங்கும்போதெல்லாம் சேர் நல்லவரானார்.

மீன்காரரின் சைக்கிளை நிறுத்தி, "வெயிலுக்க வாறீர், தண்ணி குடிச்சிட்டுப் போமன்," என்றார் ஒரு நாள். மீன்காரர் சைக்கிளை அப்படியே மதிலில் சாத்திவிட்டு, "அம்மா! சீனி! சீனி கொண்டோடி வாங்கோ!" என்று கத்தினார். எதிர் வீட்டிலிருந்து ஒருவர் குளுக்கோஸ் பெட்டியோடு ஓடி வந்தார். இன்னொரு நாள் நான் வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்ட, "தங்கச்சி, உமக்கு நன்றி," என்றார். நான் முருங்கைக்காயைப் போட்டுவிட்டு அன்ரியைக் கூப்பிட ஓடினேன். இரண்டு முறையும் நாங்கள் நினைத்தது சரி. மெஷினில் ஐம்பது, ஐம்பத்தைந்து என்றுதான் காட்டியது.

ஒழுங்கைக்கே இது பாடமாகிவிட்டது. சேர் கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கத்துகிற ஆளுக்குச் சுகம் என்று அர்த்தம். சேர் சிரித்தால் ஐந்து வீட்டில் சீனிப் போத்தல் திறபடும். பிறருடைய பாயாசத்தைப் பிடுங்கிய மனிதருக்கு இப்படி ஊரே சீனி ஊட்டியது. எங்களுக்கு அதில் ஒரு சந்தோசம் இருக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் அன்ரி குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டா. சாப்பிட்டுக் கோப்பை வெறுமையான பிறகு பாதிக் குளிசை அவவின் கையாலேயே வரும். சேர் ஒரு கிழமை அவவோடு கதைக்கவில்லை. அன்ரிக்கு அது ஓய்வாக இருந்தது. சீனி நூற்றி இருபது, நூற்றி முப்பதில் வந்து நின்றது. டொக்டர் புகழ்ந்தாவாம். சேர் விறாந்தையில் வைத்து விரல் குத்துவதை விட்டுவிட்டார். சாவு வீடுகளில் அவர் தன்பாட்டில் இருந்துவிட்டு எழும்பி வந்தார். மாதக் கணக்கில் ஒரு தரம்கூடச் சீனி இறங்கவில்லை.

போன வருசம் அவர் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். சீனியால் இல்லை என்பதைக் கேட்டிருந்தால் திருப்திப்பட்டிருப்பார். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு அந்தச் சாவு வீடு நினைவுக்கு வருவதில்லை. அதற்குச் சில மாதம் முந்திய ஒரு காலைதான் வரும்.

அன்று அவர் விறாந்தையில் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டதை நான் கண்டேன். வடிவாகவே சாப்பிட்டார். அன்ரி பாதிக் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்ப் போர்வை தோய்த்தா. நான் என் பக்கத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணி குடித்த பாரமான போர்வையை அன்ரி தனியாகப் பிழியப் பார்த்தா. ஒரு பக்கம் பிழிந்தால் மற்றப் பக்கம் நிலத்தில் தொட்டது.

சேர் பின்வாசலால் இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போர்வையின் மற்ற நுனியைக் கையில் எடுத்தார்.

"நீர் இதை விடும்," என்றார். "கை நோகப் போகுது. போய்க் கொஞ்ச நேரம் இரும். நான் பிழிஞ்சு போடுறன்."

அன்ரி அவரைப் பார்த்தா. போர்வை கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. "ஐயோ, திரும்ப வந்திட்டுது," என்று குசினிக்குள் ஓடினா.

சேர் தன் பக்க நுனியைப் பிடித்தபடி நின்றார். நான் வேலிக்கு அருகில் போனேன். அவருடைய முகத்தில் வேர்வை இல்லை. சேட் காய்ந்திருந்தது. போர்வையைப் பிடித்த கை நடுங்கவில்லை. கண் தெளிவாக என்னைப் பார்த்தது. அவரிடம் சொல்லுவதற்கு ஏதோ இருந்தது, அதை எப்படிச் சொல்லுவது என்று தெரியாத பிள்ளையைப்போல நின்றார்.

அன்ரி கிளாசோடு வந்தா. அரைவாசிக்குச் சீனி கரையாமல் அடியில் கிடந்தது. "குடியுங்கோ. கெதியாக் குடியுங்கோ."

சேர் வாயைத் திறந்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை என்றால், பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்ரி கேட்பா. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததோ என்னவோ, சொல்ல வாய் பழகவில்லை. கிளாசை வாங்கினார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அடியில் கிடந்த சீனியையும் ஆட்டி வாயில் கவிழ்த்தார்.

"இப்ப எப்பிடி இருக்கு?" என்று அன்ரி அவருடைய முகத்தையே பார்த்தபடி கேட்டா. "சொல்லுங்கோ. எப்பிடி இருக்கு?"

சேர் வெறும் கிளாசைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார்.

"தோய்ச்ச போர்வை ஏன் மண்ணில கிடக்கு?" என்றார் உரத்த குரலில். "ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யத் தெரியுமா உமக்கு?"

அன்ரி நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டா. வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தா. "அப்பாடா," என்றா. "ஆள் சுகமாயிட்டார்."